தொப்பிக் கடைக்காரியும் இரண்டு பூப்பொட்டலங்களும்

அந்தப் படத்தின் நாயகி மொத்தம் பதினொரு முறை அழுகிறாள். அதில் ஒன்பது முறை இடது கண்ணில் மட்டும். எண்ணி வைத்திருக்கிறேன். எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அப்போது நான் அருள்புரத்தில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் குவாலிட்டி கண்ட்ரோலராக இருந்தேன். பின்னலாடைத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ, வயது இருபத்து நான்கு. மூவாயிரம் டி-சர்ட் பெட்டிகளில் அடுக்கப்பட்டு எனக்காகக் காத்திருக்கும். அதிலிருந்து நூற்று இருபத்தைந்தை உருவி, ஒவ்வொன்றாகப் புரட்டி, குறைகளை மூன்று வகையாகப் பிரித்து எழுத வேண்டும். உடைந்த ஊசிமுனை உள்ளே கிடந்தால் அது கிரிட்டிக்கல். ஒன்று இருந்தாலும் மொத்தமும் நிறுத்தம். ஓட்டை, கறை, ஒரு கை நீளம் ஒரு கை குட்டை என்றால் மேஜர். வெட்டாமல் விட்ட நூல் மைனர். மேஜரில் ஏழு வரை மன்னிப்பு உண்டு, எட்டாவதற்குக் கிடையாது. உலகத்தில் இவ்வளவு தெளிவான நீதி வேறெங்கும் இல்லை என்று அப்போது நம்பினேன். இப்போதும் அந்த நம்பிக்கையில் பெரிய மாற்றமில்லை.

பெருமாநல்லூரில் எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதன் வழியாக எனக்கு மூன்று நண்பர்கள் கிடைத்தார்கள். யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் சிங்கப்பூரில் இருந்த அக்கா. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஒருவன் பெங்களூரில் மென்பொருள் எழுதுபவன். மூன்றாமவர் மதுரையில் ஒரு கல்லூரி நூலகர், பெண், தனிக்கட்டை. நான்கு பேரையும் சேர்த்து வைத்தது ஹாலிவுட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். குறிப்பாக, கல்யாணமானவர்கள் மாடிப்படியில் நின்றுகொண்டு சண்டை போடும் படங்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் படி இல்லாத வீட்டில் மணமுறிவு நடந்ததாகத் தெரியவில்லை.

சேர்ந்து பார்க்கும் முறை இதுதான். பெங்களூர்க்காரன் படத்தை சிடியில் எழுதி எல்லோருக்கும் கூரியரில் அனுப்புவான். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நால்வரும் அரட்டைப் பெட்டியில் கூடுவோம். அவன் மூன்று, இரண்டு, ஒன்று என்று தட்டுவான். ஒரே நொடியில் நால்வரும் பொத்தானை அழுத்துவோம். பிறகு பாதித் திரையில் படம், பாதித் திரையில் அரட்டை. ஒரு நொடி பிசகினாலும் மதுரைக்காரர் சிரிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே சிரித்துவிடுவார். கம்பெனியில் தையல் லைன் ஓட்டுவதைவிட இது கடினம்.

ஒரு ஞாயிறு நாங்கள் போட்ட அந்தப் படத்தில் நாயகி சொந்தமாகத் தொப்பிக் கடை வைத்திருக்கிறாள். அவளே வெட்டுகிறாள், அவளே தைக்கிறாள், இறகு செருகுகிறாள். பாலம் கட்டும் எஞ்சினீயர் ஒருவன் தன் அம்மாவுக்குத் தொப்பி வாங்க வந்து அவளையும் சேர்த்து வாங்கிப் போகிறான். கல்யாணம் முடிந்து காரில் ஏறும்போது, "இனிமேல் நீ உழைக்கத் தேவையே இல்லை" என்கிறான். பின்னணியில் ஐம்பது வயலின்கள்.

"இத்தனை வயலின் எதுக்கு? அவளுக்கு வேலை போன துக்கத்துக்கா?" என்றார் மதுரைக்காரர்.

"காரை ஓட்டிக்கிட்டே மூஞ்சியப் பாத்துப் பேசுறான். இவன் கட்டுற பாலத்துல நான் போக மாட்டேன்" என்றான் பெங்களூர்க்காரன்.

நான் வழக்கம்போல் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். கணவன் இரவுச் சாப்பாட்டுக்கு வராதது: மேஜர். வராததற்குத் தொலைபேசியில் காரணம் சொல்லாதது: மேஜர். கல்யாண நாளை மறந்துவிட்டு மறுநாள் வைரத்தோடு வருவது: மைனர், வைரத்தின் அளவைப் பொறுத்து மாறுதலுக்கு உட்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது மேஜர் ஆகிவிட்டது. எங்கள் கம்பெனியாக இருந்தால் மொத்தத்தையும் பிரித்துத் திரும்பச் செக்கிங் போட்டிருப்பார்கள். ஹாலிவுட் அவளை ஒரு குழந்தையும் பெற்றுக்கொள்ள வைத்தது.

கடைசியில் அவளும் பொறுமை இழந்து, ஒரு சின்னப் பெட்டியோடு மாடிப்படியில் இறங்குகிறாள். கடையைத் திரும்பத் திறக்கப் போகிறாளாம். கணவன் கீழே நிற்கிறான். அவள் ஏழாவது படியில் கால் வைத்தபோது எங்கள் வீட்டில் கரண்ட் போனது. அட்டவணைப்படி நான்கு மணிக்குப் போக வேண்டியது, நாலே காலுக்குப் போனது. மின்வாரியம் எனக்குச் செய்த சலுகை அது.

பெங்களூர்க்காரனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். எனக்காக மற்ற மூவரும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறு வரை யாரும் மிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். கரண்ட் வந்த பிறகு ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. அவள் திரும்பி வருவாளா, மாட்டாளா? நாங்கள் மூவரும் வரமாட்டாள் என்றோம். சிங்கப்பூர் அக்கா மட்டும் வருவாள் என்றார்.

"அவ கையில இருக்கிற பெட்டியப் பாருங்கப்பா. பல் தேய்க்கிற பிரஷ்ஷும் ஒரு கைக்குட்டையும்தான் கொள்ளும். நிஜமாப் போறவ குக்கரையாவது எடுப்பா."

"நீங்க முன்னாடியே முழுசாப் பாத்துட்டீங்க" என்று பெங்களூர்க்காரன் குற்றம் சாட்டினான்.

"படத்தைப் பாக்கல தம்பி. பதிமூணு வருஷமா கல்யாணத்தைப் பாத்துட்டு இருக்கேன்."

நான் அவர்களிடம் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. அந்த வாரம்தான் என்னையும் ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மாப்பிள்ளை மடத்துக்குளத்துப் பக்கம். தென்னந்தோப்பு, சொந்த ரைஸ்மில், ஒரே பையன். தரகர் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பொண்ணு வேலைக்குப் போகோணும்னு அவசியமே இல்லீங்க. மகாராணியாட்ட இருக்கலாமுங்க." அவசியம் இல்லை என்பதற்கும் அனுமதி இல்லை என்பதற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தில் அப்போதே வயலின் கேட்டது.

மாப்பிள்ளையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பத்து நிமிடம் தனியாகப் பேச விட்டார்கள். தனியாக என்றால், கதவு திறந்திருக்க, அந்தப் பக்கம் ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க. அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "ஏனுங்க, நீங்க பனியன் கம்பெனிதானுங்களே? இந்த டி-சர்ட்டு ரெண்டு தடவ தொவச்சா பக்கத்துத் தையல் திருகிட்டு முன்னால வந்துருதுங்களே, அது ஏனுங்க?" என்றார்.

"நூல் முறுக்குங்க. துணியை ஆற விடாம அவசரத்துல வெட்டிட்டாலும் அப்படி வருமுங்க."

"அப்ப என்ற மேல தப்பில்லீங்களா?"

"இல்லீங்க."

"எங்கம்மா நாந்தான் கோணலா காயப்போடறேன்னு வையறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு பேரும் மூச்சை விட்டார்கள். அன்று இரவு குறிப்பேட்டில் எழுதினேன்: கிரிட்டிக்கல் இல்லை, மேஜர் இல்லை, மைனர் ஒன்று, மின்விசிறியைப் பார்ப்பது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: வேலை? அந்தக் கேள்விக்குறியைத்தான் யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. அருள்புரத்தில் அடுத்த மாதம் எனக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் முழுவதையும் ஒப்படைப்பதாக இருந்தார்கள். ஆறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்கு நாற்காலி போடப் போகிறார்கள். இந்தச் சமயத்தில் மகாராணி பதவி வந்து நிற்கிறது.

ஜாதகம் பொருந்திவிட்டது. மிச்சமிருந்தது பூ கேட்பது. எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைத் தொடங்கலாமா என்று சாமியிடம் கேட்க இப்படிச் செய்வார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை என்றால் நடத்தலாம், சிவப்பு என்றால் வேண்டாம். ஐம்பது வருடம் ஓட வேண்டிய சரக்குக்குச் சாம்பிள் ஒரே ஒரு பீஸ். என் டிப்ளமோவில் இப்படி ஓர் அட்டவணை கிடையாது. ஆனால் கல்யாணத்தை முடிவு செய்கிற மற்ற முறைகளைவிட இதில் ஒரு நியாயம் இருந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பாவது உண்டு.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர்க் கோயிலுக்குப் போனோம். பொட்டலங்களை அம்மா வீட்டிலேயே கட்டிக் கொண்டுவந்திருந்தார். கட்டிய தாள் என் பழைய இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட். வீட்டில் வடகம் காயவைப்பது முதல் அலமாரியில் விரிப்பது வரை எல்லாம் அந்தத் தாளில்தான். பூசாரி கும்பிட்டுவிட்டு இடப்பக்கப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டாங்க" என்றார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்தார், இரண்டு கண்ணையும். பூசாரி விபூதித் தட்டோடு அப்பாவிடம் போனார்.

மற்ற பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அப்படியே எடுத்து மரத்தடியில் போட்டுவிடுவார்கள். எனக்குத்தான் பழக்க தோஷம். ஒரு பீஸ் பாஸ் ஆகிவிட்டது என்பதற்காகப் பக்கத்துப் பீஸைப் பார்க்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிரித்தேன்.

நந்தியாவட்டை.

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பொட்டலத்தைத் திரும்ப மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். திரும்பி வரும்போது அப்பா முன்னால் நடந்தார். நாங்கள் இருவரும் இருபதடி பின்னால் வந்தோம்.

"என்னங்கம்மா இது?"

"செவ்வரளி பூக்கவே இல்ல கண்ணு. நானும் போயிப் பாத்தேன்."

எங்கள் வீட்டு வாசலில் ஆளுயரச் செவ்வரளி நிற்கிறது. காலையில் அதைக் குனிந்து கடந்துதான் தெருவுக்கு வந்தோம். கிளை கொள்ளாத பூ. தலையில் ஒன்று விழுந்து, அதை நானே தட்டிவிட்டிருந்தேன்.

"அம்மா."

முன்னால் போகும் அப்பாவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எனக்குப் பூக் கேட்டப்ப மொதல் தடவ செவப்பு வந்துச்சு சாமி. சகுனம் செரியில்லைன்னு அடுத்த வாரம் கேட்டாங்க. அதுவும் செவப்பு. மூணாவது வாரந்தான் வெள்ள வந்துச்சு. அந்த மூணு வாரமும் எனக்குச் சோறு எறங்கல. உனக்கு எதுக்கு அந்த வெசனம்னுதான்."

அதாவது, முடிவு எப்படியும் ஒன்றுதான் என்று தெரிந்த இடத்தில், வீண் தாமதத்தை நீக்கியிருக்கிறார். தொழிற்சாலை மொழியில் இதற்கு உற்பத்தித் திறன் மேம்பாடு என்று பெயர். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"ரெண்டு தடவ செவப்பு வந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"இதென்ன கேள்வி? அதையெல்லாம் ஆரு என்னையக் கேட்டா?" என்றார் அம்மா. நடையை எட்டிப் போட்டு அப்பாவைப் பிடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மடத்துக்குளத்துக்குத் தகவல் சொல்வதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். நான்கு மணி மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும், ஐந்து மணிக்கு நான் அரட்டைப் பெட்டியைத் திறந்து, முதல் முறையாக என் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை, மகாராணி, பொட்டலம், எல்லாம்.

மூன்று, இரண்டு, ஒன்று இல்லாமலே மூவரும் ஒரே நொடியில் தட்டத் தொடங்கினார்கள். அந்தக் குழுவின் வரலாற்றில் அது சாதனை.

"ரெண்டும் வெள்ளையா? உங்கம்மா எங்க கம்பெனிக்கு டெஸ்டிங்குக்கு வருவாங்களான்னு கேளு" என்றான் பெங்களூர்க்காரன்.

"உனக்கு வேணுமா வேணாமா? மத்தவங்க ஆயிரம் சொல்லட்டும், அதச் சொல்லு" என்றார் மதுரைக்காரர்.

"தெரியல. ஆளு மோசமில்ல. டி-சர்ட் தையல் ஏன் திருகுதுன்னு கேட்டாரு."

"ஐயோ, இது காதலேதான்" என்றான் அவன்.

அக்கா மட்டும் ஒரு வரி எழுதினார்: "படத்த முடிச்சிட்டுப் பேசுவோம்."

மூன்று, இரண்டு, ஒன்று. ஏழாவது படியிலிருந்து தொடர்ந்தது. அவள் இறங்கிப் போகிறாள். கடையைத் திறக்கிறாள். கூட்டம் அள்ளுகிறது. நகரத்தின் சீமாட்டிகள் எல்லாம் அவள் தொப்பிக்காக வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் மூவரும் கைதட்டும் குறிகளாகப் போட்டுத் தள்ளினோம். அப்போது, கடை நன்றாக ஓடத் தொடங்கி மிகச் சரியாக நான்காவது நிமிடத்தில், வீட்டில் இருந்த குழந்தை மாடிப்படியில் உருண்டு விழுகிறது.

"அந்தப் படிய மொதல்லயே இடிச்சிருக்கணும்" என்றார் மதுரைக்காரர்.

பிறகு நடந்ததைச் சொல்லவே தேவையில்லை. ஆஸ்பத்திரி, மழை, இடது கண்ணில் கண்ணீர். கணவன் தாடி வளர்த்திருக்கிறான். அதுதான் அவன் திருந்தியதற்கான ஆதாரம். கடைசிக் காட்சியில் அவள் வீட்டுக் கணப்படுப்பின் முன் நின்று, தான் தைத்த கடைசித் தொப்பியை நெருப்பில் போடுகிறாள். இறகு முதலில் பற்றுகிறது. அவன் அவள் தோளில் கை வைக்கிறான். வயலின்கள் ஐம்பதிலிருந்து நூறாகின்றன. சுபம்.

பெங்களூர்க்காரன் கெட்ட வார்த்தை ஒன்றைத் தட்டி, உடனே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டான். "எதுக்கு அவளக் கடை தெறக்க விட்டாங்க? எரிக்கிறதுக்கா?"

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான்" என்று நான் தட்டினேன்.

அக்கா வெகுநேரம் ஏதோ தட்டிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. வந்தது சின்ன வரிதான். "கடைசி வரைக்கும் ஒருத்தரும் அவகிட்ட ஒரு கேள்வி கேக்கல, கவனிச்சியா? அவளும் கேக்கல."

மணி ஐந்து ஐம்பது. "வந்துவிடுகிறேன்" என்று தட்டிவிட்டு எழுந்தேன்.

அப்பா ஹாலில் தொலைபேசிக்குப் பக்கத்தில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்பந்தி வீட்டில் பேசுவதென்றால் தொலைபேசிக்கும் சட்டை வேண்டும் அவருக்கு. நிட்டிங் மிஷின் ஃபிட்டர்; முப்பது வருடமாக மிஷின் சத்தத்தைக் கேட்டே எந்த ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்கிறவர். மனிதர்கள் விஷயத்தில் அந்தத் திறமையைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

"அப்பா, பொட்டலம் ரெண்டுலயும் வெள்ளைதான் இருந்துச்சுங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா சமையலறைப் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "உங்கம்மா கட்டுனதா?"

"ஆமாங்க. அவங்களுக்கு மூணு தடவ கேட்டாங்களாமா. எனக்கு அலைச்சல் வேண்டாம்னு."

"ம்." சட்டைப் பொத்தானைத் தடவினார். "மூணாவது தடவ பொட்டலம் கட்டுனது உன்ற அப்புச்சி. அன்னிக்குப் பிரிச்சுப் பாக்க நீ இல்லாமப் போயிட்டே."

 தன் அப்பா கட்டிய பொட்டலத்துக்கு இருபத்தாறு வருடம் கழித்து வரும் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டைச் சமையலறையில் அம்மா நின்றபடி வாசித்துக்கொண்டிருந்தார் போலும். வெளியே வரவில்லை.

"இப்ப நான் என்ன கண்ணு சொல்லோணும்?" என்றார் அப்பா.

"ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கல்யாணத்துக்கு அப்பறம் நான் வேலைக்குப் போலாமா? உடுமலைப் பக்கத்துல எத்தனையோ மில்லு இருக்குது. அங்கயே தேடிக்குவேன். சரின்னாங்கன்னா எனக்குச் சம்மதமுங்க."

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளை சரி என்றுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அப்பா எண்ணைச் சுழற்றினார். எங்களுக்குக் கேட்டது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்.

"வணக்கமுங்க... நல்லாருக்கோமுங்க... ஆமாங்க, மழ இல்லீங்க... அதுதானுங்க, ஒரு விசயங் கேக்கோணுமுங்க. என்ற பொண்ணு படிச்சதுங்க... ஆமாங்க, பனியன் கம்பெனிதானுங்க. கல்யாணத்துக்கு அப்பறமும் வேலைக்குப் போலாமான்னு கேக்குதுங்க... இல்லீங்க, காசுக்கு இல்லீங்க... ஓகோ, வேண்டாங்கறீங்களா... மாப்பளயத்தான் ஒரு வார்த்த கேட்டுப் போட்டு... பக்கத்துலதான் இருக்காருங்களா?... அவரும் அதேதான் சொல்றாருங்களா... செரிங்க... இல்லீங்க, தப்பா ஒண்ணுமில்லீங்க..."

ரிசீவரை மறு கைக்கு மாற்றினார். என்னைப் பார்த்தார்.

"அப்பறமுங்க, வெள்ளிக்கிழம பூக் கேட்டமுங்க. செவப்பு வந்துருச்சுங்க... ஆமாங்க, எங்களுக்கும் வருத்தந்தானுங்க... இல்லீங்க, திருப்பிக் கேக்கற பழக்கம் எங்கூட்ல இல்லீங்க. வெச்சரட்டுங்களா?"

வைத்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

சமையலறையிலிருந்து இப்போது குரல் வந்தது: "ஏனுங்க, சாமி காரியத்துல போய்ப் பொய் சொல்லலாமுங்களா?"

அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் படாத பாடு பட்டோம்.

திரையில் மூவரும் காத்திருந்தார்கள். "பாஸா, ரிஜெக்டா?" என்று பெங்களூர்க்காரன் ஆறு முறை கேட்டிருந்தான். ரிஜெக்ட் என்று தட்டி, அழித்தேன். அந்த மனிதரிடம் நான் குறித்து வைத்திருந்தது ஒரே ஒரு மைனர்தான். அவருடைய டி-சர்ட்டும் கோணலாகக் காயப்போட்டதால் திருகவில்லை. "கடை திறந்திருக்கிறது" என்று மட்டும் எழுதினேன். அக்கா ஒரு தொப்பிப் படம் போட்டார்.

மறுநாள் காலை கம்பெனி வேனுக்காக வாசலுக்கு வந்தேன். அம்மா செவ்வரளிக் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, கூடை நிறையப் பறித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நல்லாப் பூத்திருக்குது கண்ணு" என்றார்.